இரண்டாவது சங்கு

பயிற்சி நிலையத்தில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கத்தில் நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று என்னோடு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபக்காரி என்றும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான், மறுக்கவில்லை. ஹெல்மெட், பூட்ஸ், சிவப்புக்கொடி பற்றியெல்லாம் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்ட முடியாத ஒன்றை மட்டும் நான் சொல்கிறேன்.

எண்பதுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை முதல் பஸ் ஏறி, ராஜபாளையத்தில் இறங்கி, அங்கிருந்து லாரியிலோ ஜீப்பிலோ தொற்றிக்கொண்டு சுரங்கத்துக்குப் போய்ச் சேருவேன். சுண்ணாம்புக்கல் வெட்டும் திறந்தவெளிச் சுரங்கம். தலைக்கு மேல் வானம், காலுக்குக் கீழ் படிப்படியாக வெட்டி இறக்கிய பெரிய பள்ளம். ஆய்வுக்கூடத்தில் கல்லைப் பொடித்துச் சோதிக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு பயிற்சி நிலையத்துக்கு மாறினேன். அந்தப் பள்ளத்தில் பெண்களுக்கு அன்றைக்கு இருந்த ஒரே வேலை கல் பொறுக்குவது. வெடி வைத்துச் சிதறிய கல்லைக் கூடையில் அள்ளிச் சுமந்து கொட்டுவார்கள். எத்தனை கூடையோ அத்தனைக்குத்தான் கூலி.

பெண்கள் பூமிக்கு அடியில் இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு மேலேயும் வேலை பார்க்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் பட்டப்பகலில், திறந்த வெளியில், ஒரு பெண் வெடி வைப்பதற்கு அந்தச் சட்டத்தில் தடை இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் கேட்டேன். விடாமல் கேட்டேன். என் தொந்தரவு தாங்காமல், பத்தாவது படித்த உள்ளூர்ப் பெண்கள் சிலருக்குப் பயிற்சி கொடுக்கலாம் என்று மேனேஜர் சம்மதித்தார்.

சம்மதம் வாங்கியது சுலபம். பெண்களைக் கூட்டி வந்ததுதான் பெரும்பாடு. வத்திராயிருப்பில் ஒரு அப்பா, காபி எல்லாம் கொடுத்துவிட்டு, "மில்லுக்குன்னா நாளைக்கே அனுப்புதேன் டீச்சர். வாசல்ல வேன் வருது, ஏத்திட்டுப் போயி எறக்கி விடுதான். குழிக்குள்ள எப்படி அனுப்ப?" என்றார். மம்சாபுரத்தில் வேலம்மா வீட்டுக்குப் போனேன். வேலம்மா எங்கள் சுரங்கத்திலேயே கல் பொறுக்குகிறவள்.

"நான் கல்லுப் பொறுக்குறது பத்தாதாக்கும்? எம் மவளும் வந்து பொறுக்கணுமா?" என்றாள்.

"பொறுக்க வேண்டாம். வெடி வைக்கட்டும்" என்றேன்.

வேலம்மா சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. "பொட்டப்புள்ள வெடி வைக்கப் போறாளா? தீவாளிக்கே தூரமா நின்னு காதப் பொத்துவா டீச்சர் இவ!"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நான் எப்பம்மா காதப் பொத்துனேன்?"

அவள்தான் சண்முகக்கனி. கனி என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். ஒல்லியாக, கொஞ்சம் முறைத்த பார்வையோடு இருப்பாள். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, ஏனென்றால் அவளும் கோபக்காரி.

வேலம்மா ஒரு நிபந்தனை வைத்தாள். கோவில்பட்டிப் பக்கம் அவள் அண்ணன் மகன் இருந்தான், கனிக்கென்று பேசி வைத்த பையன். கனிக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை என்று ஊருக்கே தெரியும். "வெடி வைக்கிறதுக்கு சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டான்னா அவ சம்பளக்காரி. பொறவு எங்கண்ணனே வந்தாலும் நான் பேசிக்கிடுவேன். வாங்கலன்னா கழுத்த நீட்டிரணும், பேச்சு மாறக் கூடாது" என்றாள். கனி என்னைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். அவளுடைய வாழ்க்கை அந்த ஒரு தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வந்து சேர்ந்த பெண்கள் முதல் மாதம் சிரித்தே பொழுதைக் கழித்தார்கள். ஸ்டோரில் இருந்த பூட்ஸ் எல்லாம் ஆம்பளைக் கால் அளவு. பஞ்சுக் கழிவை உள்ளே திணித்துப் போட்டுக்கொண்டு வாத்து மாதிரி நடந்தார்கள். தலையில் கொண்டை இருந்தால் ஹெல்மெட் உட்காராது. மல்லிகைப்பூ இருந்தால் கசங்கும். பூவை விட மாட்டோம் என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் பூவைக் கழற்றி டிபன் டப்பாவில் ஈரத்துணி சுற்றி வைத்து, சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது மறுபடி வைத்துக்கொள்வது என்று உடன்பாடு ஆனது. அந்தச் சாயங்கால பஸ்ஸை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னவோ செய்கிறது. முகமெல்லாம் சுண்ணாம்புப் பொடி, தலையில் புதுசாகப் பூ. பஸ்ஸிலிருந்த மற்றப் பெண்கள் எல்லாரும் திரும்பித் திரும்பி இவர்களைத்தான் பார்ப்பார்கள்.

வெடி வைக்கிறவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அந்தப் பள்ளத்தில் பாதியைத் தன் கையால் வெடி வைத்துத் திறந்தவர். கனி அவரிடம்தான் வேலை பழக வேண்டும், அவரும் மேனேஜரும் கையெழுத்துப் போட்டால்தான் அவள் தேர்வுக்குப் போக முடியும். "பொட்டப்புள்ளைக்கு நான் வெடி சொல்லிக் கொடுக்கவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என் வாய்க்குப் பயந்து, "சரி, சங்குக்கிட்ட போயி நிக்கட்டும்" என்றார்.

சங்கு என்றால் மில் சங்கு மாதிரி தானாக ஊதுவது இல்லை. பள்ளத்தின் விளிம்பில் மேடான இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதில் கையால் சுற்றும் சைரன். முதல் சங்கு ஊதினால் வெடி வைக்கப் போகிறார்கள், எல்லாரும் ஒதுங்க வேண்டும். இரண்டாவது சங்கு ஊதினால் ஆபத்து இல்லை, உள்ளே வரலாம். இரண்டுக்கும் நடுவில் பள்ளத்துக்குள் ஒரு ஈ நுழையக் கூடாது. அண்ணாச்சி முதல் நாளே கனியிடம் சொன்னார்: "கைப்பிடி எவர் கையில இருக்கோ அவியதான் அந்நேரத்துக்கு மேனேஜரு. உனக்கு மனசு ஒப்புனாத்தான் ரெண்டாவது சங்கு. நானே வந்து சொன்னாலும் ஒப்பாம ஊதாத."

இன்னொன்றும் உண்டு. வெடிக்காரர்கள் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மெச்ச மாட்டார்கள். மெச்சினால் கண் பட்டுவிடும், வெடிக்காரனுக்குக் கண் பட்டால் போவது கையோ உயிரோதான் என்று ஒரு நம்பிக்கை. திட்டுவார்கள், தாராளமாகத் திட்டுவார்கள். நன்றாகச் செய்தாய் என்று மட்டும் வாயே திறக்காது. அண்ணாச்சிக்கு ஒருத்தரை மனதுக்குப் பிடித்துவிட்டால் ஒரே ஒரு அடையாளம்தான். மத்தியானம் தன் தூக்குவாளியைக் கொண்டுபோய் அந்த ஆள் சாப்பிடுகிற இடத்தில் வைத்துவிட்டு உட்காருவார். பேச மாட்டார், சாப்பிடுவார். அவரிடம் வேலை பழகிய ஆம்பளைகளே அந்தத் தூக்குவாளி எப்போது பக்கத்தில் வரும் என்று ஏங்கிக் கிடப்பார்கள்.

ஒரு பங்குனியில் அது நடந்தது. பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் பொங்கல். கல் பொறுக்கும் பெண்கள் சீக்கிரம் கூடையை நிரப்பிவிட்டு ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள், வேலம்மாவும் சேர்த்துத்தான். முந்தின வெடியில் உடையாமல் கிடந்த பெரிய பாறைகளை அன்றைக்கு உடைக்க வேண்டும். ஒவ்வொரு பாறையிலும் ஒரு துளை, ஒரு மருந்து, ஒரு திரி. அண்ணாச்சி வரிசையாகப் பற்றவைத்துவிட்டு வந்து மறைவில் நின்று, ஒவ்வொன்றும் வெடிக்க வெடிக்க ஒவ்வொரு விரலாக மடக்குவார். பாறைக் கணக்கும் விரல் கணக்கும் ஒத்துப்போனால் எல்லாம் வெடித்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று குறைந்தாலும் எங்கோ ஒரு மருந்து உயிரோடு இருக்கிறது. யாராவது போய்க் கூடையை வைக்கும்போது அது வெடிக்கலாம்.

முதல் சங்கைக் கனி ஊதினாள். நான் மற்றப் பெண்களோடு மேட்டுக்குக் கீழே நின்றேன். பாறைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. நடுநடுவில் கோயிலிலும் வேட்டுப் போட்டார்கள். பிறகு சத்தமெல்லாம் அடங்கிப் புழுதி கீழே இறங்கியது. அண்ணாச்சி மறைவிலிருந்து வந்து பச்சைக்கொடியை ஆட்டினார்.

இரண்டாவது சங்கு வரவில்லை.

மறுபடி ஆட்டினார். வரவில்லை. நான் மேட்டில் ஏறிப் போனேன். கனி கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னட்டி?"

"டீச்சர், கணக்கு சரியா இருக்கு. ஆனா நடுவுல ஒரு சத்தம் நம்மளுதா கோயில் வேட்டான்னு தெரியல."

"நிச்சயமாத் தெரியலையா?"

"நிச்சயமாத் தெரிஞ்சா ஊதிருவேன்ல டீச்சர்."

அதற்குள் அண்ணாச்சி மேலே வந்துவிட்டார். மடக்கிய விரல்கள் மடக்கியபடியே இருந்தன. "நான் எண்ணிட்டேன் புள்ள. சரியா இருக்கு" என்றார்.

"நானும் எண்ணுனேன் அண்ணாச்சி. எனக்கும் சரியாத்தான் இருக்கு. கோயில் வேட்டு அந்தக் கணக்குக்குள்ள இருக்கா, வெளிய இருக்கான்னுதான் எனக்குத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா?"

அண்ணாச்சி தன் விரல்களைப் பார்த்தார். பிறகு கொட்டகை நிழலில் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டார். சந்தேகம் என்று வந்துவிட்டால், திரி மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கலாம் என்பதற்காக, விதிப்படி காத்திருந்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போக வேண்டும்.

அந்தக் காத்திருப்பை நான் மறக்க மாட்டேன். லாரிகள் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தன. மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கினார், கூடவே ஒரு சூப்பர்வைசர். சிமென்ட் ஆலையில் கல்லுக்குக் காத்திருந்தார்கள், அவருக்கும் மேலே ஆள் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். "யாரும்மா நிறுத்தி வச்சது?" என்றார். கீழே கல் பொறுக்கும் பெண்கள் வெயிலில் நின்று கத்தினார்கள். எல்லாருக்கும் மேலே வேலம்மாவின் குரல்தான் கேட்டது.

"ஏட்டி கனி! சங்க ஊதுட்டி! அம்புட்டுப் பேரு பொழப்பும் ஒன்னால கெடக்கு! அறிவிருக்கா ஒனக்கு?"

கனி அம்மாவைப் பார்க்கவே இல்லை. உதடு மட்டும் கோணியது. கைப்பிடியை விடவில்லை. நான் அவள் பக்கத்தில் நின்றேன். நானும் அந்தக் கைப்பிடியைத் தொடவில்லை.

நேரம் ஆனதும் அண்ணாச்சி எழுந்தார். யாரையும் கூப்பிடாமல் தனியாகப் பள்ளத்தில் இறங்கினார். ஒவ்வொரு பாறையாகச் சுற்றிச் சுற்றிக் குனிந்து பார்த்தார். கடைசிப் பாறையையும் பார்த்துவிட்டு நிமிர்ந்து பச்சைக்கொடியைக் காட்டினார்.

எல்லாம் வெடித்திருந்தது. ஒன்றும் பாக்கி இல்லை.

கனி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கைப்பிடியைச் சுற்றப் போனாள். அதற்குள் அந்த சூப்பர்வைசர் அவளைத் தோளால் ஒதுக்கிவிட்டுத் தானே சுற்றிவிட்டார். சங்கு ஊதியதும் பள்ளமே சிரித்தது. "கோயில் வேட்டு" என்று யாரோ கத்தினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அதுவே அவளுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது.

நீ செய்ததுதான் சரி என்று கனியிடம் சொல்லிவிட்டு, நான் மேனேஜர் அறைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"ஒண்ணும் இல்லையே டீச்சர்? அத்தனை நேரம் வீணாப்போச்சே?" என்றார்.

"ஒண்ணும் இல்லைன்னு அப்புறந்தானே சார் தெரிஞ்சுது? ஒரு மருந்து பாக்கி இருந்து, அவ நிறுத்தியிருந்தா மாலை போட்டிருப்பீங்க. பாக்கி இருந்தாலும் இல்லாட்டியும், நிறுத்தின நேரத்துல அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணேதானே?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் அவளை வெடியிலிருந்து எடுத்து, சோதனைக்கு அனுப்பும் மாதிரிக்கல் அறைக்கு மாற்றச் சொன்னார். பையில் கல் போட்டுக் கட்டும் வேலை. அதைச் செய்தால் எந்தக் காலத்திலும் வெடி சர்ட்டிபிகேட் வராது.

மறுநாள் மத்தியானம் தற்செயலாக மேட்டுப் பக்கம் பார்த்தேன். சங்குக் கொட்டகை வாசலில் அண்ணாச்சியின் தூக்குவாளி இருந்தது. பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை. கனி அங்கே இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் அங்கே காத்திருப்பது, பள்ளத்தின் அந்தக் கோடியில் கல்லைக் கட்டிக்கொண்டிருந்த கனிக்கும் தெரியவில்லை.

மேலே போய், "அவளை மாத்திட்டாங்க அண்ணாச்சி" என்றேன். மூடிய தூக்குவாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயி ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா அவளுக்கு ஆறாது. நீங்க சொல்லணும்."

"சொல்லக் கூடாது டீச்சர். அது வெடிக்காரியாக்கும். கண்ணு பட்டுரும்" என்றார்.

வெடிக்காரி. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை எந்தப் பெண்ணைக் குறித்தும் நான் கேட்டதில்லை. அதையாவது அவள் காதில் போட்டுவிடலாம் என்று ஓடினேன். அவள் தலைவலி என்று சொல்லி அரை நாளில் கிளம்பியிருந்தாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக மம்சாபுரம் போனேன். வேலம்மா வாசலிலேயே நின்றாள்.

"கோவில்பட்டிக்கு எங்கண்ணன் வீட்டுக்கு அனுப்பிட்டேன் டீச்சர். பேசுன பேச்சு பேச்சுதான்."

"அண்ணாச்சி அவளப் பத்தி என்ன சொன்னார் தெரியுமா?"

"எவிய சொல்லி என்ன? ஊரே சிரிச்சுப் போச்சு." சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. மகள் மேல் ஆசை இல்லாதவள் இல்லை வேலம்மா. அத்தனை பேர் சிரித்ததுக்கு நடுவில் நின்றவள்.

அண்ணாச்சி அதற்குப் பிறகு விரல் மடக்குவதை விட்டுவிட்டார். கோயில்களில் கொடை விழா, பொங்கல் என்றால் முன்கூட்டியே ஆள் அனுப்பி வேட்டு நேரம் கேட்டுக்கொள்வார். வெடித்த பிறகு ஒவ்வொரு பாறையையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடி காட்டுவார். திரி பற்றவைக்கப் போகும் முன் ஒருமுறை மேட்டைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே வேறு ஆள் நிற்பான். "அந்தப் புள்ள வராதா டீச்சர்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார், ஓய்வு பெறுகிற வரைக்கும் கேட்டார். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் இறந்தும் போனார்.

தொண்ணூறுகளின் கடைசியில், ஆடிப்பூரத் தேர்க் கூட்டத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ "டீச்சர்!" என்று கையைப் பிடித்தார்கள். கனி. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, கையில் பால்கோவாப் பொட்டலம். வீட்டுக்காரர் பஸ்ஸில் இடம் பிடிக்கப் போயிருந்தார். நல்ல மனுசன் என்றாள், ஒரு குறையும் இல்லை என்றாள். அந்த நேரம் கோயில் பக்கம் வேட்டுப் போட்டார்கள். பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எண்ணுகிறாள்.

"இன்னமும் விடல டீச்சர். எங்க வேட்டுச் சத்தம் கேட்டாலும் எண்ணிருதேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அன்னைக்கு நான் ஊதியிருக்கணுமா டீச்சர்?"

"இல்லைட்டி. இல்லவே இல்லை."

"நீங்க அன்னைக்கும் அதான் சொன்னீய. அண்ணாச்சி ஒண்ணும் சொல்லலையே."

தூக்குவாளியைப் பற்றிச் சொன்னேன். மூடியைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். வெடிக்காரி என்று சொன்னதைச் சொன்னேன். விரல் மடக்குவதை விட்டதையும், கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கோவில்பட்டி பஸ் ஹாரன் அடித்தது. அவள் வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா, எங்க அம்ம கால்ல விழுந்தாவது இன்னும் ஒரு வருசம் கேட்டிருப்பேன் டீச்சர்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

நான் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. உங்கள் சங்கு இப்போது பொத்தானை அழுத்தினால் ஊதுகிறது என்கிறார்கள். எப்போதாவது காற்று இந்தப் பக்கம் அடித்தால் முதல் சங்கு என் வீடு வரைக்கும் கேட்பது போல இருக்கும். பிரமைதான், அவ்வளவு தூரம் கேட்காது. ஆனாலும் இரண்டாவது சங்கை அவள் ஊதுவாள் என்று நின்று கேட்கிறேன். அவள் கையால் அதை ஊதியிருக்க வேண்டும். அதைக் கேட்காமலே எனக்கு வயதாகிவிட்டது.

உங்களிடம் பயிற்சிக்கு வரும் பெண்களில் ஒருத்தி ஒரு நாள் எல்லாரையும் வெயிலில் நிறுத்தி வைப்பாள். போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கே, அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பார்த்து நன்றாகச் செய்தாய் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கண் பட்டால் படட்டும்.